உடைந்த பாத்திரமும் மணவீட்டு அமானிதமும்



மணவீடு என்பது பல கைகள் சேர்ந்து நடத்தும் காரியம். அங்கே நேரும் குறைகளில் பெரும்பாலானவற்றை அங்கேயே சரிசெய்துவிடலாம். முதல் பந்தியில் உப்புக் குறைந்தால் அடுத்த தேக்சாவில் கூட்டலாம். நாற்காலி போதவில்லையென்றால் பள்ளிவாசலில் கேட்டு வாங்கி வரலாம். மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமானால் நிகாஹ் அரை மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே. ஆனால் அந்த வீட்டில் ஒருவருடைய வேலை மட்டும் இத்தகைய சலுகை எதுவும் இல்லாதது. அவர் புகைப்படக்காரர். குத்பா முடிந்து ஈஜாப் கபூல் சொல்லப்படும் நேரம் ஒரு நிமிடம்கூட இராது. அந்நேரத்தில் அவருடைய கருவி பழுதானால், "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று அவர் யாரையும் கேட்க முடியாது.

நாம் மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருவதோடு, ஊரில் நடைபெறும் நிகாஹ்கள் பலவற்றில் பதிவேடு எழுதும் பணியையும் செய்து வருகிறோம். அதனால் மேடையில் மாப்பிள்ளைக்கு அருகிலேயே அமர்ந்திருக்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. நம்மிடம் ஓதிய பிள்ளைகளில் சிலர் இன்று திருமணப் புகைப்படத் தொழிலில் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவருக்கு நேர்ந்த இடரையும், அதை அவரும் ஒரு குடும்பமும் எதிர்கொண்ட விதத்தையும் முன்வைத்துச் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம். சம்பந்தப்பட்ட இரு தரப்பினரின் அனுமதியோடும், அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்துமே இதை எழுதுகிறோம்.

புகைப்படம் எடுப்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்த விவாதத்திற்குள் நாம் இங்கே செல்லவில்லை. கூலி பேசி ஒரு வேலையை ஒப்படைத்த பின், எதிர்பாராத விதமாக அது கெட்டுப்போனால் இரு தரப்பாரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே நம் பேசுபொருள்.

இடர்கள் எங்கிருந்து வருகின்றன?

வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு, படம் வரவில்லை என்றால் 'கவனக்குறைவு' என்ற ஒரு சொல்லே தோன்றும். தொழிலுக்குள் இருப்பவர்களிடம் கேட்டால்தான் எத்தனை வாசல்களின் வழியே இடர் நுழைகிறது என்பது புரிகிறது.

முதலாவது வாசல் நம் பருவநிலை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிகாஹ் வைத்தால் மழை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். மழையில்லாத நாளிலும் காற்றிலுள்ள ஈரமே போதுமானது. குளிரூட்டப்பட்ட மணமகள் அறையில் ஒரு மணி நேரம் இருந்த கேமராவை வெளியே கொண்டுவந்தவுடன், அதன் குளிர்ந்த கண்ணாடியின் மீது ஈரக்காற்று நீர்த்துளிகளாகப் படிந்துவிடும். குளிர்ந்த மோர்ச் செம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போன்றதே இதுவும். துடைத்தால் மறுபடியும் படியும். கண்ணாடி வெளிச்சூட்டுக்குப் பழகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குக் கால்மணி நேரம், சில வேளைகளில் அதற்கும் மேல் ஆகும். கேமராவைப் பைக்குள் வைத்து மூடி வெளியே கொண்டுவந்து, சிறிது நேரம் கழித்துத் திறப்பதே இதற்கு வழி.

இரண்டாவது வாசல் மின்சாரம். மின்தடை ஏற்பட்டு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரையுள்ள இருட்டில் ஈஜாப் கபூல் சொல்லப்பட்டுவிடக் கூடும். ஆகவேதான் தனி பேட்டரியில் இயங்கும் ஃபிளாஷைக் கேமராவின் மீது பொருத்தி வைத்திருப்பார்கள்.

மூன்றாவது வாசல் மனிதர்கள். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆளுக்கொரு கைபேசியை உயர்த்திக்கொண்டு மேடையை மறைப்பார்கள். உதவிக்கு வர வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிடுவார்.

நான்காவது வாசல், படங்கள் சேமிக்கப்படும் மெமரி கார்டு. விரல்நுனி அளவேயான அந்தத் துண்டில் ஒரு நாள் முழுவதும் அடங்கியிருக்கிறது. படம் பதிவாகிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்தாலோ, கார்டை வெளியே எடுத்துவிட்டாலோ, போலியான கார்டை நல்லதென்று நம்பி வாங்கியிருந்தாலோ அது படிக்க முடியாமல் போகலாம். அவ்வாறு நேர்ந்தால் எல்லாம் அழிந்துவிட்டதென்று பொருளில்லை. ஒரு புத்தகத்தின் பொருளடக்கப் பக்கம் கிழிந்துவிட்டாலும் உள்ளேயுள்ள பாடங்கள் அப்படியே இருப்பது போல, கார்டின் அட்டவணை சிதைந்தாலும் படங்கள் உள்ளே இருக்கக் கூடும். அதன் மீது புதிதாக எதையும் பதியாதிருப்பதே முக்கியம். கேமராவின் திரை 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும். பதற்றத்தில் 'சரி' என்று அழுத்திவிடக் கூடாது.

ஐப்பசியில் ஒரு நிகாஹ்

நம்முடைய மாணவர் பதினைந்து வயதுவரை நம்மிடம் ஓதியவர். இப்போது முப்பதைத் தாண்டியிருக்கிறார். ஆண்கள் பகுதியை அவரும், பெண்கள் பகுதியை அவருடைய மனைவியுமாகச் சேர்ந்து தொழில் செய்கின்றனர். பெண்கள் பகுதிக்குள் அந்நிய ஆடவர் வரக் கூடாது என்று விரும்பும் குடும்பங்கள் நம் பகுதியில் அவர்களையே அழைக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், டெல்டாவின் கடலோர ஊரொன்றில் ஒரு நிகாஹ். மணமகளின் தந்தை குவைத்தில் வேலை செய்பவர். உறுதியாகக் கிடைக்கும் என்றிருந்த விடுப்பு கடைசி வாரத்தில் மறுக்கப்பட்டது. மண்டபத்திற்கு முன்பணம் கொடுத்து, பத்திரிகையும் பகிர்ந்தாகிவிட்டது. தேதியைத் தள்ளிவைக்க வேண்டாம் என்று அவரே சொல்லி, தம் தம்பியை வக்கீலாக நியமித்தார். மேடையில் ஒரு கைபேசியை நிறுத்தி, காணொளி அழைப்பில் அவரை அமர்த்தியிருந்தனர். வெளியே பெருமழை. குத்பா தொடங்கிய சற்று நேரத்தில் மின்சாரம் போயிற்று, அழைப்பும் துண்டிக்கப்பட்டது. ஈஜாப் கபூல் முடிந்து, நாம் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் மீண்டும் இணைப்புக் கிடைத்தது. "முடிஞ்சிருச்சா?" என்று அவர் கேட்டது நம் காதில் விழுந்தது. "கவலைப்படாதீங்க காக்கா, எல்லாம் படம் எடுத்தாச்சு" என்று தம்பி ஆறுதல் சொன்னார். அது உண்மையும்கூட. இருட்டிலும் ஃபிளாஷின் ஒளி மின்னிக்கொண்டிருந்ததை நாமே கண்டோம்.

அதே நேரத்தில் பெண்கள் பகுதியில், குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்த அவருடைய மனைவியின் கேமராவில் நீர்த்துளி படிந்துவிட்டது. காத்திருக்க நேரமில்லை. நிகாஹ் முடிந்தவுடன் இவர் தம் கேமராவை உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு, அந்தக் கேமரா தெளிந்த பின் அதைக் கொண்டு ஆண்களின் பந்தியைப் படமெடுத்தார். இப்படியாக, நிகாஹ் படங்கள் இருந்த அதே கார்டில் பெண்களின் படங்களும் இரண்டு மணி நேரம் பதிவாயின. அஸருக்குச் சற்று முன், படம் பதிவாகிக்கொண்டிருந்த வேளையில் பேட்டரி தீர்ந்தது. வேறு பேட்டரி போட்டுப் பார்த்தபோது, கார்டைப் படிக்க இயலவில்லை என்ற அறிவிப்பே வந்தது. அந்தப் பெண்மணி எதையும் அழுத்தவில்லை. கார்டை எடுத்து உறையிலிட்டு, தேதியெழுதிப் பைக்குள் வைத்துவிட்டு, வேறு கார்டில் வேலையைத் தொடர்ந்தார். அன்று அங்கே இருந்த ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

இஷாத் தொழுகைக்குப் பின் கணவர் நம் வீட்டுக்கு வந்தார். மறுநாள் வலீமா.

"ஹஸ்ரத், இப்பவே சொல்றதா, வலீமா முடிஞ்சு சொல்றதா? சொன்னா நாளைக்கு அந்த வீட்டுல யாரும் சிரிக்க மாட்டாங்க. ஆல்பம் வேலை நடக்குதுன்னு ஒரு மாசம் சொல்லிக்கிட்டு இருக்கலாம்னு கூட்டாளி ஒருத்தர் சொல்றார்."

இந்த ஒரு மாதம் என்பதைப் பற்றித்தான் நாம் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த மாதம் முழுவதும் குவைத்திலிருந்து ஒரு தந்தை படங்களைக் கேட்டுக்கொண்டேயிருப்பார். இவர் ஒவ்வொரு முறையும் ஒரு பொய் சொல்ல வேண்டும். இழப்பு ஒன்றுதான், அதை மறைத்தால் பொய்கள் முப்பதாகும். இதில் நடைமுறைப் பயன் ஒன்றும் இருந்தது. விருந்தினர் கைபேசிகளில் நிகாஹ் படங்கள் இருக்கக் கூடும். அவர்கள் மறுநாளும் அதே மண்டபத்தில் கூடுவார்கள். இன்றே சொன்னால்தான் நாளை அவற்றைக் கேட்டு வாங்க முடியும். ஆகவே, மேடையிலோ விருந்தினர் முன்னிலையிலோ அன்றி, வீட்டுப் பொறுப்பாளர்களிடம் இன்றிரவே சொல்லிவிடுவதுதான் முறை என்றோம். அவரும் அதே முடிவோடுதான் வந்திருந்தார் என்பது அவர் உடனே எழுந்து நின்றதிலிருந்து தெரிந்தது. நாமும் உடன் சென்றோம்.

கேட்காமல் கொடுக்க உரிமையில்லை

மணமகளின் சாச்சா கடும் கோபம் கொண்டார். அதில் வியப்பில்லை, காக்காவுக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். ஒரு ரூபாய்கூடத் தர முடியாது என்றும், ஊரிலுள்ள வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்திலும் எழுதப்போவதாகவும் சொன்னார். திரைக்குப் பின்னால் அமர்ந்திருந்த மணமகளின் உம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பொம்புளையளுடைய படமும் அந்தக் கார்டுலயா இருக்கு?"

"ஆமாம் மாமி. அதைக் கேக்கத்தான் முக்கியமா வந்தேன்" என்றார் நம் மாணவர்.

பிறகு அவர் விளக்கினார். கெட்டுப்போன கார்டுகளிலிருந்து படங்களை மீட்டுத் தரும் நிலையங்கள் பெருநகரங்களில் உள்ளன. அவர்களிடம் சிறப்பான கருவிகள் உண்டு. ஆனால் கார்டை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். மீட்கும்போது படங்கள் அவர்கள் திரையில் தெரியும். ஒரு பிரதி அவர்களுடைய கணினியிலும் தங்கக் கூடும். மற்றொரு வழி, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு தம் வீட்டிலேயே முயல்வது. இதில் வெளியார் எவரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்ல இயலாது. "கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனா நீங்க எங்கிட்டத்தான் கொடுத்தீங்க. உங்களைக் கேட்காம இன்னொருத்தர் கையில கொடுக்க எனக்கு உரிமை இல்லை" என்றார்.

இருபது ஆண்டுகளாக நாம் அமானிதம் என்ற சொல்லுக்குப் பிள்ளைகளிடம் பொருள் சொல்லி வருகிறோம். அன்றிரவு நம் மாணவர் அதற்குச் சொன்ன விளக்கம் நம் பாடக்குறிப்பில் இருப்பதைவிடத் தெளிவாக இருந்தது. அவருடைய பெயரும் பிழைப்பும் அந்தக் கார்டு மீள்வதில்தான் இருந்தன. இரவோடிரவாக நகரத்துக்குப் போய்க் கொடுத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. படம் கிடைத்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திராது.

உம்மா அங்கிருந்தே குவைத்துக்கு அழைத்தார். இரு பக்கத்தையும் மறைக்காமல் சொன்னார். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு அந்தத் தந்தை சொன்னார்: "என் கண்ணு பாக்குறதுக்காக என் மகளுடைய படத்தை யார் யாரோ பாக்க வேணாம். அந்தத் தம்பியே வீட்டுல வச்சுப் பார்க்கட்டும்."

நான்கு இரவுகள் கணவனும் மனைவியும் அமர்ந்தனர். முதலில் கார்டின் உள்ளடக்கம் முழுவதையும் அப்படியே கணினிக்குப் பிரதியெடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியின் மீதே வேலை செய்தனர். இத்தகைய மென்பொருள் அட்டவணையை நம்பாமல், ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளத்தைத் தேடிப் படங்களை எடுக்கிறது. ஆகையால் பெயரும் வரிசையும் இல்லாமல் அவை கலந்து வரும். எது ஆண்கள் பகுதி, எது பெண்கள் பகுதி என்று முன்கூட்டித் தெரியாதாகையால் திரைக்கு முன் மனைவி மட்டுமே அமர்ந்தார். கணவர் பின்னாலிருந்து வழிமுறை சொன்னார். ஏறத்தாழத் தொள்ளாயிரம் படங்களில் ஐந்நூறு அளவில் மீண்டன. சில படங்களின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவே இருந்தது. கையெழுத்திடும் காட்சியும், மாப்பிள்ளையை முஆனகா செய்யும் காட்சியும் கிடைத்தன. ஈஜாப் கபூல் கிடைக்கவில்லை. வலீமாவின்போது ஆண்கள் பகுதி விருந்தினரிடம் கேட்டதில் மூன்று கைபேசிகளில் அந்தக் கணம் இருந்தது, மூன்றிலும் இருட்டு. ஒன்றில் மட்டும் மாப்பிள்ளையின் முகம் பாதியளவு தெரிந்தது. அந்த ஒன்றுதான் குவைத்துக்குப் போயிற்று.

ஃபிக்ஹு என்ன சொல்கிறது?

அடுத்து எழுந்தது பணக் கணக்கு. மூன்று நிகழ்ச்சிகளுக்கும் சேர்த்து 45,000 ரூபாய் பேசி, 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தனர். வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் பின் இரு தரப்பாரும் மத்ரஸாவில் கூடினர்.

கூலிக்கு வேலை செய்பவரின் கையில் பொருள் கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்பதை நம் இமாம்கள் இஜாரா பாடத்தில் விரிவாகவே பேசியிருக்கின்றனர். தையற்காரர், சாயமிடுபவர், சுமை தூக்குபவர் ஆகியோரே அவர்கள் காலத்து எடுத்துக்காட்டுகள். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, வேலையாளின் கை அமானிதக் கை. அவர் வரம்பு மீறியோ கவனக்குறைவாகவோ நடந்தாலன்றி நஷ்டத்திற்குப் பொறுப்பாக மாட்டார். ஹனஃபீ மத்ஹபில், பலருக்கும் பொதுவாக வேலை செய்யும் தொழிலாளியின் கையில் பொருள் தானாக அழிந்தால் அவர் பொறுப்பல்ல என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்து. தவிர்த்திருக்கக் கூடிய இழப்புகளுக்கு அவர் பொறுப்பே என்பது அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மத் ஆகியோரின் கருத்து. மக்களின் பொருள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது இதன் நோக்கம். உரியவரிடம் ஒப்படைக்கப்படாத வேலைக்குக் கூலி கேட்பதற்கில்லை என்பதும் இப்பாடத்தில் வருவதே.

ஆகவே, அங்கே எழுந்த கேள்வி இதுதான்: இது தவிர்க்க முடியாத இடரா, கவனக்குறைவா? கவனக்குறைவு எது என்பதை அந்தத் தொழிலின் வழக்கமே முடிவு செய்யும். கேமரா நுட்பம் நமக்குத் தெரியாது, சாச்சாவுக்கும் தெரியாது. அறிந்தவர் அந்த அறையில் ஒருவரே. அவரே வாய் திறந்தார்.

"என் கேமராவுல ரெண்டு கார்டு போடலாம். ஒரே படம் ரெண்டுலயும் பதியும். எங்க தொழில்ல நிகாஹுக்கு அப்படிப் போடுறதுதான் வழக்கம். அன்னைக்கு ரெண்டாவது கார்டை வீட்டுக்காரங்க கேமராவுக்குக் கொடுத்துட்டேன். மழையும் கரண்டும் என் கையில இல்லை. இது என் கையில இருந்துச்சு."

அவர் சொல்லாதிருந்தால் அந்த அறையில் எவருக்கும் இது தெரிந்திராது. மழையின் மீதும் மின்சாரத்தின் மீதும் பழியைப் போட்டுவிட்டு எழுந்திருக்கலாம். நிகாஹ் நாளுக்குரிய 18,000 ரூபாயை, மீண்ட படங்களுக்குக்கூடக் கணக்குப் பார்க்காமல், முழுவதுமாக அவரே விட்டுக்கொடுத்தார். மீதமுள்ள 27,000 ரூபாயில் முன்பணம் போக 12,000 ரூபாய் வர வேண்டியிருந்தது. சாச்சா சற்று நேரம் பேசாதிருந்தார். பின் அந்தத் தொகையை அங்கேயே எண்ணிக் கொடுத்தார். வாட்ஸ்அப் குழுக்களில் எதுவும் எழுதப்படவில்லை.

இங்கே நாம் கூறியது ஃபத்வா அன்று. இத்தகைய வழக்கு ஏற்படுவோர் தம் பகுதி ஆலிம்களிடம் முழு விவரத்தையும் கூறித் தீர்ப்புப் பெற வேண்டும்.

உடைந்த பாத்திரம்

ஸஹீஹுல் புகாரியில் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியருள் ஒருவர் வீட்டில் இருந்தபோது, வேறொரு துணைவியார் பணியாளர் மூலம் ஒரு பாத்திரத்தில் உணவு அனுப்பினார். வீட்டிலிருந்தவர் தட்டிவிட, பாத்திரம் உடைந்தது. நபி (ஸல்) அவர்கள் உடைந்த துண்டுகளைத் தாமே ஒன்று சேர்த்தார்கள். சிந்திய உணவை அதில் எடுத்து வைத்தார்கள். இருந்தவர்களை உண்ணச் சொன்னார்கள். உண்டு முடியும்வரை பணியாளரை நிறுத்திவைத்து, உடைந்ததற்குப் பதில் நல்ல பாத்திரத்தைக் கொடுத்தனுப்பினார்கள். உடைந்ததைத் தம்மிடம் வைத்துக்கொண்டார்கள். ஃபிக்ஹு அறிஞர்கள் நஷ்டஈட்டுச் சட்டத்திற்கு இதை ஆதாரமாகக் கொள்கின்றனர். நாமோ, இதில் நடந்தவற்றின் வரிசையைக் கவனிக்கும்படி மாணவர்களிடம் சொல்வதுண்டு.

துண்டுகள் முதலில் சேர்க்கப்பட்டன. இடர் நேர்ந்தவுடன் கையைப் பிசைவதற்கு முன், மிஞ்சியதைக் காப்பதே முதல் வேலை. கார்டை எடுத்து உறையிலிட்ட அந்தப் பெண்மணி செய்தது இதையே. அடுத்து, விருந்து தொடர்ந்தது. இழப்பு ஒருவருடையது, அதற்காக மணவீட்டின் மகிழ்ச்சியைக் குலைக்க வேண்டியதில்லை. அடுத்து, உடைந்ததற்கு ஈடு கொடுக்கப்பட்டது. பொருளுக்குரியவர் வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை. இத்தனைக்கும் நடுவே, உடைத்தவர் அவையில் இழிவுபடுத்தப்படவில்லை. ஈடு கொடுப்பது தொழில் செய்பவரின் கடமையென்றால், இழிவுபடுத்தாதிருப்பது மணவீட்டாரின் கடமை. இரண்டும் சேர்ந்தால்தான் வழக்கு முடியும்.

விதியை நம்புவது பற்றியும் ஒரு சொல். இழந்ததற்காக நாம் உடைந்துபோகக் கூடாது, கிடைத்ததற்காகச் செருக்குறக் கூடாது என்பதற்காகவே எல்லாம் முன்பே எழுதப்பட்டுள்ளதாக அல்ஹதீத் அத்தியாயம் கூறுகிறது. இந்த நம்பிக்கை, நடந்து முடிந்ததைத் தாங்குவதற்கு. நடக்கப்போவதற்கு ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி திர்மிதியில் பதிவாகியுள்ள நபிமொழி கற்பிக்கிறது. இரண்டாவது கார்டு அந்தக் கயிறுதான். கயிற்றை வீட்டில் வைத்துவிட்டு 'அல்லாஹ் நாடியது' என்று சொல்வது தவக்குல் ஆகாது. கட்டியும் ஒட்டகம் போய்விட்டால், 'அப்படிச் செய்திருந்தால், இப்படிச் செய்திருந்தால்' என்று மனத்தை அரித்துக்கொண்டிருப்பதும் முஃமினுக்கு அழகன்று.

இரு தரப்பாருக்கும் சில வார்த்தைகள்

இத்தொழிலில் இருக்கும் நம் சகோதரர்களிடம் கேட்டறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம். நிகாஹ் நேரத்தில் இரண்டு கார்டுகளிலும் பதியுமாறு வையுங்கள். அந்த வசதி இல்லாத கேமராவாயின், நிகாஹ் முடிந்தவுடன் அந்தக் கார்டை எடுத்துத் தனியே வைத்துவிட்டு வேறொன்றைப் போடுங்கள். ஆண்கள் படமும் பெண்கள் படமும் ஒரே கார்டில் கலவாதிருக்கட்டும். பேட்டரி முற்றிலும் தீரும்வரை காத்திராதீர்கள். வீடு திரும்பியதும் இரு வேறு இடங்களில் பிரதியெடுங்கள். ஆல்பத்தை ஒப்படைக்கும்வரை கார்டை அழிக்காதீர்கள். ஒப்படைத்த பின், பெண்களின் படங்களை உங்களிடம் வைத்திருப்பதா அழிப்பதா என்பதைக் குடும்பத்தாரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அனுமதியின்றி ஒரு படத்தையும் விளம்பரத்திற்குப் பயன்படுத்தாதீர்கள்.

மணவீட்டாரும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. படவேலையை மட்டும் ஏன் வாய்ப்பேச்சில் விடுகிறோம்? எத்தனை நிகழ்ச்சிகள், எவ்வளவு தொகை, எந்நாளில் ஒப்படைப்பு, படம் கெட்டுப்போனால் எவ்வளவு கழிவு, பழுதான கார்டை வெளியாரிடம் கொடுக்கலாமா கூடாதா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட ஐந்து நிமிடம் போதும். ஈஜாப் கபூலின்போது கைபேசிகளைக் கீழே இறக்குமாறு வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னால் பாதி இடர் குறையும். வேலை முடிந்தும் மீதிப் பணத்திற்கு மாதக்கணக்கில் அலையவிடுவது, வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்திற்குத் தகாது. புகைப்படக்காரருக்கும் பசிக்கும், கடைசிப் பந்தி முடிந்து தேக்சா கழுவும்வரை அவரை மறந்துவிடாதீர்கள்.

அந்தத் தந்தை ஏழு மாதங்களுக்குப் பின் ஊர் வந்தார். நம்மிடம் வந்து நிகாஹ் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தோம். வலீ என்ற இடத்தில் அவர் பெயர். வக்கீல் என்ற இடத்தில் தம்பியின் கையெழுத்து. அதன் கீழே இரு சாட்சிகள், மாப்பிள்ளை, மஹர் தொகை. மழை ஈரத்தில் ஓர் ஓரம் மை பரவியிருந்தது. அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல எதுவும் விடுபடலல்ல ஹஸ்ரத்?" என்று கேட்டார். விடுபடவில்லை என்றோம். நிகாஹ் நிறைவேற வலீயும் சாட்சிகளும் ஈஜாப் கபூலும் வேண்டும். அவையனைத்தும் அங்கே இருந்தன. ஆயினும், மகளின் நிகாஹைக் காணாத ஒரு தந்தையின் ஏக்கத்தை மார்க்கச் சட்டம் சொல்லித் தீர்த்துவிட முடியாது என்பதையும் நாம் அறிவோம். ஆகவே அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அந்த வாரத்தில், மகளும் மருமகனும் விருந்துக்கு வந்தபோது, குடும்பத்தோடு ஒரு படம் எடுக்க அவர் அழைத்தது நம் மாணவரைத்தான். மாணவர் கூலி வாங்க மறுக்க, அவர் மாணவருடைய பிள்ளையின் கையில் ஐந்நூறு ரூபாயை வைத்தார் என்று கேள்விப்பட்டோம். இப்போது அந்த வீட்டின் இளைய மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். படவேலை யாருக்கு என்பது முன்பே பேசி முடிந்துவிட்டதாம். இம்முறை தாளில் எழுதிக் கையெழுத்தும் ஆகியிருக்கிறது.

நம் கைகளில் ஒப்படைக்கப்படும் அமானிதங்களைப் பேணவும், கெட்டுப்போனால் உண்மையைச் சொல்லவும், பிறர் கையில் கெட்டுப்போனால் நீதியோடும் கருணையோடும் நடக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.